திருப்பூர் – சென்னை: ஒரு மணி நேரமா, ஐந்து மணி நேரமா?



"சென்னைக்கு ஃபிளைட்ல ஒரு மணி நேரம்தானுங்க" என்று யாராவது சொன்னால், எங்கிருந்து என்று கேளுங்கள். அவர் சொல்வது பீளமேட்டுக் கணக்கு, நம் வீட்டு வாசல் கணக்கு அல்ல.

இந்தக் கணக்கு ரயிலில்தான் தொடங்கியது. 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு ரயில் ஓடியது. 1862-ல் அந்தப் பாதை ஈரோடு, திருப்பூர், போத்தனூர் வழியாக மேற்குக் கடற்கரையில் பேப்பூர் வரை போய்விட்டது. அன்றைய கோவை ஊர் அந்த மெயின் லைனில் இல்லை. போத்தனூரிலிருந்து கிளை பிரித்து கோவைக்கு ரயில் போனது 1873-ல்தான். நம் ஊர் ரயிலைப் பார்த்து அதற்குள் பத்து வருடம் ஆகியிருந்தது. கோவையில் இருக்கும் சம்பந்தி வீட்டாரிடம் சொல்லிப் பாருங்கள், லேசில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்!

ஆகாய வழியில் அவர்கள்தான் முந்தினார்கள். 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் விமானம் ஓட்டினார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாக அதை மதராசுக்குக் கொண்டுவந்தார். சுமை தபால் மூட்டைதான். பீளமேட்டில் விமான நிலையம் வந்தது 1940-ல். 1980-களில் அங்கே ஓடுதளத்தை நீட்டியபோது விமானங்கள் சூலூரில் இறங்கின. நமக்கு விமானம் மிகப் பக்கத்தில் வந்த காலம் அதுதான். பீளமேடு 2012-ல் சர்வதேச விமான நிலையம் ஆனது.

இப்போது கணக்குக்கு வருவோம். கோவை–சென்னை வான்வழித் தூரம் சுமார் 400 கி.மீ. டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரம் ஒரு மணி பத்து நிமிடம் போல. அவிநாசி ரோட்டில் பீளமேடு போக ஒன்றேகால் மணி நேரம், செக்-இன், செக்யூரிட்டிக்கு ஒன்றரை மணி நேரம், சென்னையில் பெட்டி வர அரை மணி, மெட்ரோவில் சென்ட்ரல் போக முக்கால் மணி. கூட்டினால் ஐந்து மணி பத்து நிமிடம்!

2023 ஏப்ரலில் வந்த வந்தே பாரத், ஏறக்குறைய 445 கி.மீ. தூரத்தை ஐந்தேகால் மணி நேரத்தில் கடக்கிறது. ஸ்டேஷனுக்குப் போக அரை மணி சேர்த்தாலும் வித்தியாசம் கொஞ்சம்தான். டிக்கெட் விலையை நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆனாலும் ரயிலே போதும் என்று சொல்லிவிட முடியாது. உங்கள் வேலை கிண்டி, மீனம்பாக்கம் பக்கமென்றால் விமானம்தான் லாபம். பாரிமுனை, சௌகார்பேட்டை என்றால் ரயில். வந்தே பாரத்தில் போனால் சென்ட்ரலில் இறங்கும்போதே கிட்டத்தட்ட மதியம். அதே ரயில் அன்று மதியமே திரும்பிவிடும். காலையில் விசா நேர்காணல் இருந்தால் முந்தின இரவே சேரன் அல்லது நீலகிரி எக்ஸ்பிரஸில் ஏறிவிடுவது உத்தமம். நம் ஊர் வியாபாரிகள் பல வருடமாகச் செய்வதும் அதுதான்.

சாவுச் செய்தி வந்து உடனே கிளம்ப வேண்டியிருந்தால் இந்தக் கூட்டல் எதுவும் நினைவுக்கு வராது. விமான டிக்கெட்டைப் போடும் முன், அடுத்த ரயில் எத்தனை மணிக்கு என்று மட்டும் ஒருமுறை பாருங்கள். பல நேரம் ரயில் உங்களை முன்னால் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும்.