நட்டத்தைச் சுமந்தோர்: மலையகத் தோட்டத் தொழிலின் தொடக்க காலமும் காப்புறுதியும்

இலங்கையின் மத்திய மலைநாட்டுப் பெருந்தோட்டங்கள் தோன்றிய கதையை எழுதிய ஆங்கிலேயர் பெரும்பாலோர் அதனைத் துணிச்சலின் வரலாறாகவே எழுதிச் சென்றுள்ளனர். ஆனை திரியும் காட்டுக்குள் கைப்பணத்துடன் நுழைந்த துரை, அப்பணம் முழுவதையும் இழக்கத் துணிந்தான். ஆதலால் விளைந்த இலாபம் அத்துணிவுக்குக் கிடைத்த வெகுமதி என்பதே அவ்வெழுத்துக்களின் உள்ளோட்டமாகும். இலாபத்தை இடரேற்றலின் கூலியாகக் காட்டும் பொருளியல் வாதம் பழையது. அவ்வாதத்தைத் தத்துவ நிலையில் மார்க்ஸ் 'மூலதனம்' மூன்றாம் பாகத்தில் ஆராய்ந்துள்ளார். காப்புறுதிக்கென ஒதுக்கப்படும் நிதியும் உபரி மதிப்பிலிருந்தே பிறக்கிறது என்பது அவர் ஆங்கு காட்டும் முடிபுகளுள் ஒன்று. எமது நோக்கம் அத்துணை விரிந்ததன்று. அட்டன், டிக்கோயா, திம்புள்ளை, நுவரெலியாப் பகுதிகளில் தோட்டத் தொழில் புதுமுயற்சியாக இருந்த காலத்தில், அம்முயற்சியின் நட்டம் உண்மையில் எவர் தலையில் இறங்கியது என்பதையே இங்கு நோக்க முயல்கின்றோம்.

கோப்பிச் செய்கையின் முதற் பெருக்கம் 1840களில் நிகழ்ந்தது. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய நில ஆக்கிரமிப்புச் சட்டம் கண்டிய விவசாயிகளின் காட்டையும் சேனை நிலத்தையும் அரச காணியாக்கிற்று. அக்காணியைக் குடியேற்ற அரசின் உத்தியோகத்தரும் படை அதிகாரிகளும் மதகுருமாருங்கூட வாங்கினர். 1847இல் பிரித்தானிய வாணிப நெருக்கடியுடன் கோப்பி விலை சரிந்தபோது, பெருந்தொகை செலவிட்டுத் திறக்கப்பட்ட தோட்டங்கள் அற்ப விலைக்குக் கைமாறின. சில மீண்டும் காடாயின. துரைமார் பலர் முற்றாக அழிந்தனர் என்பதை மறைக்க வேண்டிய தேவை எமக்கில்லை. சிறு மூலதனம் விழுந்ததும், விழுந்ததைப் பெருமூலதனம் பொறுக்கியெடுத்ததும் இவ்வரலாற்றின் ஒரு பகுதியே.

அந்த வீழ்ச்சியிலிருந்து மூலதனம் பாடம் கற்றது. 1854இல் தோட்டத் துரைமார் சங்கம் அமைந்தது. பிரித்தானியாவில் 1855இல் வரையறுத்த பொறுப்புச் சட்டம் நிறைவேறிற்று. இலங்கையில் 1861ஆம் ஆண்டின் கூட்டுப்பங்குக் கம்பனிச் சட்டம் அதனைத் தொடர்ந்தது. தோட்டம் மூழ்கினும் பங்காளன் தான் இட்ட பங்குத் தொகைக்கு மேல் எதையும் இழக்க வேண்டியதில்லை என்பதே இச்சட்டங்களின் சாரம். காப்புறுதிப் பத்திரத்தைவிட வலிமையான காப்புறுதி இதுவெனலாம்.

காப்புறுதி என்ற பெயருடன் வந்ததும் இருந்தது. கொழும்பின் முகவர் நிறுவனங்கள் தோட்டத்துக்குக் கடன் கொடுத்தன. அரிசியும் கருவியும் அனுப்பின. விளைவை வாங்கிக் கப்பலேற்றின. இவற்றோடு பிரித்தானியக் காப்புறுதிக் கம்பனிகளின் முகவர்களாகவும் இயங்கின. கப்பலில் ஏறிய சரக்குக்கும், பண்டசாலைக்கும், ஆலைக் கட்டடத்துக்கும் கடற் காப்புறுதியும் தீக் காப்புறுதியும் கிடைத்தன. செடியின் நோய்க்கோ விலையின் வீழ்ச்சிக்கோ அவை கிடைக்கவில்லை. காரணம் எளிது. காப்புறுதி என்பது சிதறிய நட்டங்களைப் பலரது தவணைப் பணத்தால் ஈடுசெய்யும் ஏற்பாடு. நூறு ஆலைகளுள் ஒன்று எரியின் ஏனைய தொண்ணூற்றொன்பதன் பணம் அதனை ஈடுசெய்யும். நூறு தோட்டங்களும் ஒரே பருவத்தில் நோயுற்றால் ஈடுசெய்வார் எவருமிலர்.

மலைநாட்டில் நிகழ்ந்தது இரண்டாவதே. 1869இல் மடுல்சீமைப் பகுதியில் கோப்பி இலையின் அடிப்புறத்தில் செம்மஞ்சட் பொடி காணப்பட்டது. நாம் நாள்தோறும் கடந்துசெல்லும் பேராதனைப் பூங்காவின் அக்காலப் பணிப்பாளர் துவெயிற்ஸ் அதனை இங்கிலாந்துக்கு அனுப்பினார். பேர்க்கிலி என்னும் பங்கசு ஆய்வாளர் அதற்கு எமிலியா வசுற்றாத்திரிக்ஸ் எனப் பெயரிட்டார். விளைச்சல் ஏக்கர்தோறும் குறைந்தது. ஆயினும் உலகச் சந்தையில் விலை ஏறிக்கொண்டிருந்தமையால் வருமானத்தில் நோயின் தாக்கம் சில காலம் வெளித்தோன்றவில்லை. இவ்விடைக் காலத்திலேதான் திம்புள்ளை, டிக்கோயா, பொகவந்தலாவை, மஸ்கெலியா ஆகிய உயர்நிலப் பகுதிகள் கோப்பிக்காகப் பெருமளவில் திறக்கப்பட்டன என்பது மனங்கொள்ளத்தக்கது. நோய் தெரிந்திருந்தும் கடன் கிடைத்தது. கடன் கிடைத்ததால் காடு வெட்டப்பட்டது. 1870களின் இறுதியில் கோப்பி நிலம் இரண்டரை இலட்சம் ஏக்கரைக் கடந்தது. அடுத்த பத்தாண்டில் அது அழிந்தது.

காப்புறுதி ஏற்க மறுத்த இடரை மூலதனம் வேறு வழிகளிற் பகிர்ந்துகொண்டது. 1861இல் அக்கலையில் பரீட்சார்த்தமாக நடப்பட்ட சிங்கோனா, கோப்பிக்கு மாற்றாகப் பரவிற்று. எல்லோரும் நட்டமையால் 1880களில் கொயினா விலையும் விழுந்தது. 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் நட்ட தேயிலையே நிலைத்தது. தேயிலைக்கு ஆலையும் இயந்திரமும் வேண்டும்; தனித்துரையின் கையிருப்பு அதற்குப் போதாது. கோப்பியுடன் நொடித்த சிலோன் கம்பனி 1887இல் ஈஸ்டேண் புரொடியூஸ் கம்பனியாக மறுபிறவி எடுத்தது. ஒரே கம்பனி வெவ்வேறு உயரங்களில், வெவ்வேறு மாவட்டங்களில் பல தோட்டங்களை வைத்துக்கொண்டது. ஓரிடத்து நட்டத்தை மற்றோரிடத்து இலாபம் தாங்கிற்று.

இவற்றுள் 1884ஆம் ஆண்டைத் தனியே நோக்குதல் பயனுடைத்து. அவ்வாண்டு மே மாதத்தில், தோட்டங்களை ஈடுபிடித்துப் பெருங்கடன் கொடுத்திருந்த ஒரியன்ரல் வங்கி கதவடைத்தது. ஆளுநர் ஆதர் கோர்டன் வங்கியின் நாணயத்தாள்களுக்கு அரசே பொறுப்பு என அறிவித்தார். தனியார் கொடுத்த கடன் கெட்டதன் விளைவைப் பொதுத் திறைசேரி தாங்கிற்று என்பதே இதன் பொருள். அதே ஆண்டில் புகையிரதம் அட்டனை அடைந்தது. மறு ஆண்டில் நானுஓயாவை. அதனை அமைத்ததும் குடியேற்ற அரசே. அவ்வரசின் வருவாயில் இறக்குமதி அரிசி மீதான தீர்வையும், கண்டிய விவசாயி செலுத்திய தானிய வரியும் அடங்கும். முன்னதைச் செலுத்தியோருள் தோட்டத்து லயத்தில் அரிசியுண்ட தமிழ்த் தொழிலாளர் முக்கியமானோர். பின்னதன் நிலுவைக்காக நுவரெலியா மாவட்டத்து வலப்பனையில் சிங்களக் குடியானவரின் வயல்கள் 1880களில் விற்கப்பட்டன. கோப்பியின் வீழ்ச்சியால் அவர்களது உபவருமானமும் நின்றுபோயிருந்தது. பசியால் இறந்தோரும் உளர். இதனை அக்காலத்து உதவி அரசாங்க அதிபர் லெமசூரியரே வெளிக்கொணர்ந்தார். இரு இனத்து உழைப்பாளரும் ஒரே வங்கிக் கணக்கின் நட்டப் பக்கத்தில் எழுதப்பட்டிருந்தனர் என்பதை இரு தரப்பு இனவாதிகளும் நினைவுகொள்வதில்லை.

இனித் தொழிலாளர் பக்கம் திரும்புவோம். எமது ஆய்வின் மையம் இதுவே.

புதுத்தோட்டம் திறக்கும் துரைக்கு முதலில் வேண்டியது ஆள். ஆள்கட்டும் பொறுப்பைப் பெரிய கங்காணி ஏற்றான். திருச்சி, மதுரை, திருநெல்வேலி, சேலம் ஆகிய மாவட்டங்களிலிருந்து ஆட்களைக் கொண்டுவர அவனுக்கு முற்பணம் கொடுக்கப்பட்டது. வழிச்செலவும், ஊர்க்கடன் தீர்க்கக் கொடுத்ததும், சோறிட்டதும் தொழிலாளி பெயரிற் பற்றெழுதப்பட்டன. தொழிலாளி கங்காணிக்குக் கடனாளி. கங்காணி தோட்டத்துக்குக் கடனாளி. தோட்டம் மாற விரும்பினால், இன்ன தொகையைச் செலுத்தின் இக்கங்காணியையும் ஆட்களையும் விடுவிப்போம் எனத் துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு வேண்டும். 'துண்டு' எனப்பட்டது அச்சீட்டே. புதுத்துரை கடனைக் கட்டி ஆட்களைப் பெற்றான். கடன் தீர்ந்ததா? இல்லை. அது புதிய கணக்கேட்டுக்கு மாறியது. பெரும்பாலும் புதிய முற்பணமும் சேர்ந்து பெருத்தது.

கொடுத்த முற்பணம் துரைக்கு ஓரிடரே. தொழிலாளி ஓடிவிடலாம், நோயில் இறக்கலாம். அவ்விடருக்கு இரு அரண்கள் இருந்தன. ஒன்று சட்டம். 1865ஆம் ஆண்டின் சேவை ஒப்பந்தச் சட்டத்தின்படி அறிவித்தலின்றி வேலையை விட்டு நீங்குதல் சிறைத்தண்டனைக்குரிய குற்றம். மற்றது உறவு. கங்காணி தன் ஊராரையும், உறவினரையும், தன் சொல்லுக்கு அடங்கும் சாதியினரையுமே பெரும்பாலும் கூட்டிவந்தான். ஒருவன் ஓடினால் அவனது அண்ணனும் மாமனும் லயத்தில் இருப்பர். ஓடியவன் ஊர் திரும்பினாலும் கங்காணியின் கை அங்கும் நீளும். மாமன் மைத்துனன் என்னும் முறையே கடனுக்குப் பிணையாயிற்று. நிலப்பிரபுத்துவச் சமூக உறவுகளை முதலாளித்துவ உற்பத்தி அழிக்கும் என்பது பொதுவிதியாயின், மலையகத்தில் அது அவற்றை அழிக்காது ஈடாகப் பிடித்துக்கொண்டது என்றே கூறுதல் வேண்டும். தோட்டச் சமூகத்தில் சாதியும் உறவும் நெடுங்காலம் இறுக்கத்துடன் நிலைத்தமையைப் பண்பாட்டுப் பிற்போக்காக மாத்திரம் காணும் எம்மவர் சிலர் இந்தப் பொருளாதார வேரைக் கவனித்திலர்.

இதன் மறுபக்கம் கூலி. கோப்பிக் காலத்தில் கூலி இரண்டு மூன்று மாதம் பிந்தியே கணக்குத் தீர்க்கப்பட்டது. அதுவரை தோட்டம் கொடுத்த அரிசியின் விலை கூலியிற் கழிக்கப்பட்டது. பிறிதொரு வகையிற் கூறின், உழைத்து முடித்த கூலியைத் தொழிலாளி துரைக்கு வட்டியின்றிக் கடனாகக் கொடுத்திருந்தான். தோட்டம் நொடித்து ஈடுபிடித்தவன் கைக்குப் போனபோது அக்கடன் திரும்பவில்லை. கெட்ட தோட்டங்களிலிருந்து கூலியின்றி வெளியேறியோர் தொகை பெருகவே, தொழிலாளர் கூலியைத் தோட்டத்தின் மீதான முதற் பொறுப்பாக்கும் சட்டமொன்று 1884இல் இயற்றப்பட்டது. இரக்கத்தால் மாத்திரம் பிறந்ததன்று அது. கூலி கிடையாதென்ற செய்தி தமிழ்நாட்டு ஊர்களை எட்டின் ஆள் வரத்து நின்றுவிடும் என்ற அச்சமும் அதன் பின்னணியில் இருந்தது எனக் கருத இடமுண்டு. தோட்டம் தொழிலாளிக்குத் தரவேண்டிய கூலி நொடிப்புடன் மறையலாம். தொழிலாளி கங்காணிக்குத் தரவேண்டிய பற்று நொடிப்பின் பின்னும் அவனைத் தொடரும். 1921இலேயே துண்டுமுறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

இலக்கிய மாணவர் என்ற வகையில் ஒன்றை இங்கு சுட்டாது செல்ல இயலவில்லை. மலையகத்தின் ஆரம்ப அச்சு நூல்களுள் ஒன்றான ஆபிரகாம் ஜோசப்பின் 'கோப்பிக் கிருஷிக் கும்மி' வெளிவந்த ஆண்டும் 1869. கோப்பி நோய் கண்டறியப்பட்ட அதே ஆண்டு. கோப்பிச் செய்கையின் முறைகளைத் துரைத்தனத்தின் பார்வையில் நின்று பாடும் நூல் அது. மக்கள் ஆடிப்பாடும் கும்மி வடிவம் நிருவாகத்தின் கைநூலாயிற்று. இதற்கு எதிர்நிலையில் வாய்மொழிப் பாடல்கள் உள்ளன. சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்தளித்த மலைநாட்டு மக்கள் பாடல்களில் கங்காணியும் துரையும் கடனும் அரைப்பேரும் தொழிலாளியின் கண்வழியே தோன்றுவன. அரைப்பேர் என்பது அன்றைய வேலை நிறையவில்லையெனப் பாதிக் கூலியே பதியப்படுதல். மழை பெய்து கொழுந்து குறைந்தாலும் பேர் அரையாகலாம். வானிலையின் இடரும் செக்றோலின் வழியே இறங்கியது லயத்துக்கே.

தொழிலாளர் தமக்கெனக் கொண்டிருந்த காப்பு யாது? காதிலும் மூக்கிலும் கிடந்த பொன், லயத்தின் பின்னால் கட்டிய மாடு, பெண்கள் தம்முட் பிடித்த சீட்டு, சாவு வீட்டுக்கு லயத்தார் திரட்டிக் கொடுக்கும் பணம். நீண்ட காலம் ஊரும் ஒரு காப்பாக இருந்தது. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் இந்த மண்ணில் அவர்களை நாடற்றோராக்கியபோது, ஊரோ பலருக்குப் பெயரளவில் மாத்திரமே எஞ்சியிருந்தது. சட்டவழிப் பாதுகாப்புக்கள் மெல்லவே வந்தன: 1934இல் வேலையாள் நட்டஈட்டுச் சட்டம், 1958இல் ஊழியர் சேமலாப நிதி. இவை விபத்தையும் முதுமையையும் ஓரளவு தொட்டன. வேலையற்ற நாளையும் குறைந்த பேரையும் தொடவில்லை.

தோட்டங்கள் 1972, 1975ஆம் ஆண்டுகளின் நிலச்சீர்திருத்தத்தால் அரசுடைமையாகி, 1992இல் மீண்டும் தனியார் கம்பனிகளின் முகாமைக்குச் சென்றன. அண்மைய ஆண்டுகளில் கம்பனிகள் சில, நாட்கூலிக்குப் பதிலாக வருமானப் பகிர்வு முறையை முன்வைத்து வருகின்றன. தேயிலை மலையில் ஒரு துண்டு குடும்பமொன்றிடம் ஒப்படைக்கப்படும். குடும்பம் பராமரித்துக் கொய்து கொழுந்தைக் கம்பனிக்கே கொடுக்கும். கொழுந்தின் நிறைக்கேற்பப் பணம் பெறும். தொழிலாளியைத் தொழில் முயற்சியாளராக உயர்த்துதல் என்பது இதற்குக் கூறப்படும் விளக்கம். நிலம் அவரதன்று, ஆலை அவரதன்று, வசிக்கும் லய அறைக்குப் பெரும்பாலும் உறுதி இல்லை. கொழும்பு ஏலத்தில் விலை விழுந்தாலோ, 2021இல் இரசாயனப் பசளைத் தடையின்போது நேர்ந்ததுபோல் கொழுந்து குறைந்தாலோ, அவ்விழப்பு எக்கணக்கில் எழுதப்படும் என்பதை உடன்படிக்கையில் ஒப்பமிடுமுன் தொழிற்சங்கங்கள் வரிவரியாக வாசித்துக் கேட்டறிய வேண்டியுள்ளது.