துணி குடித்த வர்ணம்

பேனா கசிந்து வெள்ளைச் சட்டையில் மை பட்டுவிட்டால் பதறிப்போகிறோம். கறை மேலே நிற்பதில்லை, நூலுக்குள் இறங்கிவிடுகிறது. அந்தக் கறையையே சித்திரமாக்கிய ஒரு பெண்ணின் கதை இது.

ஐரோப்பிய ஓவியர்கள் எண்ணெய் வர்ணத்தை வெறும் துணியில் தீட்டமாட்டார்கள். முதலில் பசை தடவி, அதன்மேல் வெள்ளைப் பூச்சுக் கொடுத்துத் துணியின் வாயை அடைத்துவிடுவார்கள். எண்ணெய் நூலில் ஊறினால் நாளடைவில் துணி இற்றுப்போகும். பல தலைமுறைகளின் அனுபவம் கண்டுபிடித்த காப்பு அது.

1952 அக்டோபரில், நியூயார்க்கில், ஹெலன் ஃபிராங்கன்தாலர் அந்தக் காப்பை வேண்டாமென்று விட்டுவிட்டார். அப்போது அவருக்கு வயது 23. கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் மலையையும் கடலையும் பார்த்துவிட்டுத் திரும்பியிருந்தார். சுமார் 7 அடி உயரமும் 10 அடி நீளமும் உள்ள வெறுங்கித்தானைத் தரையில் விரித்தார். கரித்துண்டால் சில கோடுகள் இழுத்தார். பிறகு வர்ணத்தை டர்ப்பன்டைனில் நீராகக் கரைத்து ஊற்றினார். தரையில் விரித்து ஊற்றும் வழக்கம் ஜாக்ஸன் போலாக்கிடம் பார்த்ததுதான். ஆனால் போலாக்கின் புகழ்பெற்ற படங்களில் வர்ணம் துணியின்மேல் கயிறு கயிறாகக் கிடக்கும். இவருடைய வர்ணத்தையோ துணி குடித்துவிட்டது. வர்ணம் வேறு, துணி வேறு என்ற பேதமே போயிற்று. 'மலைகளும் கடலும்' என்று அதற்குப் பெயர்.

அடுத்த ஆண்டு, விமரிசகர் கிளெமெண்ட் கிரீன்பெர்க், மாரிஸ் லூயிஸ், கென்னத் நோலண்ட் என்ற இரு வாஷிங்டன் ஓவியர்களை அழைத்து வந்து படத்தைக் காட்டினார். ஊர் திரும்பிய இருவரும் பழைய பாணியைக் கைவிட்டார்கள். பெரிய கித்தானை முழுதும் விரிக்க இடமில்லாத தம் சாப்பாட்டு அறையில் லூயிஸ், மேக்னா என்ற அக்ரிலிக் வர்ணத்தை வழியவிட்டு, மெல்லிய திரைகள் தொங்குவதுபோன்ற படங்களைப் படைத்தார். 1962-ல், 49-ஆம் வயதில் காலமானார்.

அதன்பின் பலர் ஃபிராங்கன்தாலரை ஒரு பாலம் என்று புகழ்ந்தார்கள். பாலத்தைப் புகழ்கிறவர்களின் கண் அக்கரையில்தானே இருக்கும்! அவரோ 2011-ல் மறையும்வரை அரை நூற்றாண்டுக்கு மேல் தீட்டிக்கொண்டே இருந்தார்.

'மலைகளும் கடலும்' படத்தில் வர்ணங்களைச் சுற்றி எண்ணெய் கசிந்து பழுப்பு விளிம்பு கட்டியிருக்கிறது. பழைய ஓவியர்களின் எச்சரிக்கை பொய்யாகவில்லை. அவரே 1960-களில் அக்ரிலிக்குக்கு மாறிவிட்டார். ஆனாலும், அன்று அந்த எச்சரிக்கைக்கு அவர் அஞ்சியிருந்தால் துணி பிழைத்திருக்கும், படம் பிறந்திருக்காது.