இரவல் டெனர்கள்

நவம்பர் கடைசி வாரம் வந்துவிட்டால் எங்கள் க்வயர் மாஸ்டர் கடன் வாங்கக் கிளம்பிவிடுவார். கடன் கேட்பது பணம் இல்லை, ஆள். "ரெண்டு டெனர் வேணும்டே, பேஸ் ஒண்ணு இருந்தாலும் சரி. இருபத்திரெண்டாந்தேதி திருப்பித் தாரேன்" என்று பல்லாவரத்தில் இருக்கும் இன்னொரு மாஸ்டரிடம் சொல்வார். பதிலுக்கு எங்களிடமிருந்து ஆல்டோ இரண்டு பேர் அங்கே போவார்கள். 1994இல் நான் க்வயரில் சேர்ந்தபோது எனக்குப் பதிமூன்று வயது, குரல் உடையாத சோப்ரானோ. இரண்டு வருஷம் கழித்துக் குரல் உடைந்து டெனர் ஆனதும் நானே ஒரு கடன் பத்திரம் ஆகிவிட்டேன். ஒரே டிசம்பரில் தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை, பெருங்களத்தூர் என்று நான்கு சபைகளின் கேரல் ஆராதனைகளில் பாடியிருக்கிறேன். எந்த ஊர்க்காரன் என்று யாரும் கேட்டதில்லை. "இவன் யார் டெனர்?" என்று மட்டும் கேட்டிருக்கிறார்கள்.

இதற்கென்று சங்கமோ மினிட்ஸ் புத்தகமோ தலைவர் செயலாளரோ கிடையாது. தாம்பரம் ஸ்டேஷனுக்கு மேற்கே ஒரு டீக்கடையில், ஒரு சனிக்கிழமை சாயங்காலம், நாலைந்து மாஸ்டர்கள் நின்றபடியே தேதிகளைப் பிரித்துக்கொள்வார்கள். எல்லாச் சபையும் ஒரே ஞாயிற்றுக்கிழமை கேரல் வைத்தால் யாரிடமும் டெனர் இருக்காது. அதனால் ஒருவர் டிசம்பர் முதல் ஞாயிறு, ஒருவர் இரண்டாவது, ஒருவர் வெள்ளிக்கிழமை ராத்திரி. டீக்காசை யார் கொடுப்பது என்பதில் மட்டும் சண்டை வரும்.

அவர்களில் ஒருவர் ரயில்வே குமாஸ்தா (எங்கள் மாஸ்டர்), ஒருவர் பள்ளிக்கூடக் கணக்கு வாத்தியார், ஒருவர் கிண்டியில் ஃபாக்டரி ஃபிட்டர். சம்பளத்துக்குப் பாட்டு சொல்லிக்கொடுத்தவர் அவர்களில் யாரும் இல்லை. வருஷக் கடைசியில் சபை ஒரு சால்வை போர்த்தும், சில வருஷம் அதுவும் மறந்துபோகும்.

இவர்கள் எப்படி இங்கே வந்து சேர்ந்தார்கள் என்பதைச் சொல்ல ரயிலிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். 1931இல் பீச்சிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் வந்தது. 1937இல் மெட்ராஸ் கிறிஸ்துவக் கல்லூரி ஜார்ஜ் டவுனை விட்டுச் சேலையூர் காட்டுக்குக் குடிவந்தது. அடுத்த வருஷமே அந்த வளாகத்தில் உலக மிஷனரி மாநாடு ஒன்று நடந்து, இன்றைக்கும் இறையியல் புத்தகங்களில் 'தாம்பரம் 1938' என்றே அது பேசப்படுகிறது. ஆனால் நான் சொல்லும் தாம்பரம் அதுவல்ல. சுதந்திரத்துக்குப் பிறகு ரயில்வே, ஏர்ஃபோர்ஸ், கிண்டித் தொழிற்பேட்டை, பள்ளிக்கூடங்கள் என்று வேலை தேடித் தெற்கேயிருந்து வந்தவர்களின் தாம்பரம். நாசரேத்திலிருந்தும் சாயர்புரத்திலிருந்தும் நாகர்கோவிலிலிருந்தும் ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்தவர்கள். எங்கள் மாஸ்டரின் பெட்டியில் வேட்டிக்கு அடியில் மூன்று நீளமான கணக்கு நோட்டுகள் இருந்தன. அவற்றில் இருந்தது சால்ஃபா.

சால்ஃபா தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். ஐந்து கோடு போட்டு, மேலே கீழே கறுப்புப் புள்ளி வைத்து எழுதும் ஸ்டாஃப் நொட்டேஷனைப் பார்த்திருப்பீர்கள். சால்ஃபாவில் கோடு கிடையாது. தோ, ரே, மி, ஃபா என்பதன் முதல் எழுத்துகளை ஆங்கிலச் சின்ன எழுத்தில் வரிசையாக எழுதி, நடுவில் அரைக்கோடும் இரட்டைப் புள்ளியும் போட்டுத் தாளத்தைக் காட்டுவார்கள். இழுக்க வேண்டிய இடத்தில் ஒரு சின்னக் கோடு. நான்கு குரலுக்கு நான்கு வரி. தூரத்திலிருந்து பார்த்தால் ரயில்வே டைம் டேபிள் மாதிரி இருக்கும்.

இதை முதலில் யோசித்தவர் சாரா கிளவர், இங்கிலாந்தில் நாரிட்ச் ஊரைச் சேர்ந்த பெண். ஏழைப் பிள்ளைகளுக்குப் பாட்டு சொல்லிக்கொடுக்கத் தானே ஒரு முறை செய்துகொண்டார். 1841இல் ஞாயிறுபள்ளி ஆசிரியர்கள் கூட்டம் ஒன்று, பாட்டு கற்பிக்க எளிய வழி கண்டுபிடியுங்கள் என்று ஜான் கர்வன் என்ற இளம் போதகரைக் கேட்டுக்கொண்டது. கர்வன் தேர்ந்த இசைக்கலைஞர் இல்லை. கிளவரின் முறையை எடுத்து, அவருடைய அனுமதி இல்லாமலே மாற்றி வெளியிட்டார். உலகத்துக்குக் கர்வன் பெயர்தான் தெரியும். (கிளவரின் பெயர் எனக்கும் ரொம்ப வருஷம் தெரியாது.)

அந்த முறையில் இரண்டு விஷயம் முக்கியம். ஒன்று, சாதாரண அச்சு எழுத்திலேயே அடித்துவிடலாம். இசை அச்சுக்கூடம் வேண்டாம், டைப்ரைட்டரும் ஸ்டென்சிலும் போதும். இரண்டு, 'தோ' ஒரே இடத்தில் நிற்காது. பாட்டின் தலையில் எந்தச் சுருதி என்று எழுதியிருக்கும், அங்கே 'தோ'வை வைத்துக்கொள்ள வேண்டியதுதான். வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு இதைப் புரியவைக்கக் கர்வன் பாடப்புத்தகங்கள் எழுத வேண்டியிருந்தது. நமக்கு இது பிறந்ததிலிருந்தே தெரியும். ஒரு பாடகருக்குச் ச ஒரு கட்டையில் இருக்கும், இன்னொருவருக்கு ஐந்து கட்டையில், ஆனாலும் ச என்பது ச தான். எங்கள் மாஸ்டர் அதை ஒரே வரியில் முடித்துவிடுவார்: "தோன்னா சட்ஜம்டே. உக்கார்ற இடம் மாறும், ராசா அவந்தான்."

ஒரு ரயில்வே குமாஸ்தா நாற்பது பேருக்கு நான்கு குரலில் பாட்டு சொல்லிக்கொடுக்க முடிந்ததன் ரகசியம் இதுதான். பியானோவும் கன்சர்வேட்டரியும் இல்லாமல், பிட்ச் பைப் ஒன்றும் ஒரு நோட்டும் வைத்துக்கொண்டு வேலை நடந்தது. சென்னை நகரத்துக்குள் கதை வேறு. 1893இல் தொடங்கிய மெட்ராஸ் மியூசிக்கல் அசோசியேஷன் இருந்தது, அதன் பாடகர் குழுவைப் பல வருஷம் நடத்திய ஹேண்டல் மானுவேல் இருந்தார், ஆர்கனும் மேடையும் கேட்க வந்தவர்களும் இருந்தார்கள். புறநகரில் எங்களுக்குக் கிடைத்தது ஸ்டென்சில் மை.

மிஷனரிகள் போன இடமெல்லாம் சால்ஃபாவும் போனது. ஜோஹன்னஸ்பர்க் பக்கத்தில் ஈனோக் சொன்டோங்கா என்று ஒரு பள்ளி ஆசிரியர், க்வயர் மாஸ்டரும்கூட. 1897இல் தன் பிள்ளைகளுக்காக ஒரு பாட்டு எழுதி, சால்ஃபாவில் குறித்து வைத்தார். 'ந்கோசி சிகெலேல் இயாஃப்ரிகா'. இன்றைக்கு அது தென்னாப்பிரிக்கத் தேசிய கீதத்தின் முதல் பகுதி. சொன்டோங்கா 1905இல் இளவயதிலேயே இறந்துபோனார். தன் பாட்டுகளையெல்லாம் ஒரு பள்ளிக்கூட நோட்டில் எழுதி வைத்திருந்தார். மற்ற க்வயர் மாஸ்டர்கள் அதை இரவல் வாங்கிப் போவார்கள். கை மாறிக் கை மாறி, கடைசியில் அந்த நோட்டு தொலைந்தே போனது. 1996இல் அவருடைய கல்லறையைக் கண்டுபிடித்துத் தேசியச் சின்னமாக அறிவித்தார்கள், நோட்டு மட்டும் கிடைக்கவே இல்லை. இதை முதல்முறை படித்தபோது எனக்கு மாஸ்டரின் டிரங்குப் பெட்டி ஞாபகம் வந்து வயிற்றைப் பிசைந்தது.

தமிழ்ச் சபைகளில் இரண்டு வகைப் பாட்டு உண்டு. கீர்த்தனை நம் ராகத்தில் ஒரே குரலாகப் பாடுவது, பாமாலை நான்கு குரலாகப் பிரிவது. கீர்த்தனை என்றால் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864). அவருடைய தமிழுக்கு ஈடு இல்லை. ஆனால் 1820களின் இறுதியில் சாதி வழக்கத்தைக் கைவிடச் சொன்ன மிஷனரிகளோடு அவர் சண்டை போட்டார், சாதி வழக்கத்தின் பக்கம் நின்று. கோயிலில் தமிழ்ச் சங்கீதத்துக்கு வந்த தடையை எதிர்த்ததும் இதே சண்டையில்தான். ஒன்றில் அவரோடு நிற்கிறேன், மற்றதில் நிற்க முடியவில்லை. ஆனால் இரண்டையும் ஒரே மூச்சில்தான் அவர் பேசினார், பிரித்து எடுக்க முடிவதில்லை.

நான்கு குரல் பாட்டில் எனக்குப் பிடித்த விஷயம், நிற்கும் இடத்தைக் குரல் தீர்மானிப்பது. உன் அப்பா யார், எந்தத் தெரு என்பதற்கு வேலை இல்லை. தாழ்ந்த குரல் என்றால் பின்வரிசை, அவ்வளவுதான். பக்கத்தில் நிற்பவன் தப்பாகப் பாடினால் உனக்கும் தப்பும். அதனால் அவன் மூச்சை நீ கவனிக்க வேண்டும். வாரத்தில் இரண்டு மணி நேரம் இது நடக்கும். ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் பழையபடி அவரவர் கூட்டம் கூட்டமாக நிற்பார்கள், அதையும் பார்த்திருக்கிறேன். எங்கள் மாஸ்டர் இருபத்தாறு வருஷம் க்வயர் நடத்தினார். ஒரு முறைகூட அவர் பெயர் கமிட்டிக்கு வரவில்லை. ஏன் என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்ல மாட்டார்கள். ஒரு வருஷம் ஜெராக்ஸ் எடுக்க அறுநூறு ரூபாய் கேட்டார். "பாட்டுத்தானே சார், எழுதிக்கிட்டா ஆவாதா?" என்றார் பொருளாளர். அந்த ராத்திரி நாற்பது பிரதியையும் மாஸ்டர் தன் காசில் எடுத்தார். எந்தச் சபை என்று நான் எழுதப் போவதில்லை.

இலவசமாகச் செய்கிறவனின் வேலைக்கு மரியாதை உண்டா என்று யோசிக்கும்போதெல்லாம் எனக்கு எம்.பி.சீனிவாசன் நினைவுக்கு வருகிறார். 1925இல் சித்தூரில் பிறந்தவர், கம்யூனிஸ்ட், 'பாதை தெரியுது பார்' (1960) படத்தின் இசையமைப்பாளர். சினிமா இசைக்கலைஞர்களுக்குச் சங்கம் கட்டுவதில் முன்னால் நின்றவர். வாசித்தவனுக்கு ஒழுங்காகக் கூலி வர வேண்டும் என்று போராடிய அதே மனிதர், 1970களின் தொடக்கத்தில் மெட்ராஸ் யூத் க்வயரை உருவாக்கினார். அதில் பாடியவர்கள் ஆபீஸ் போகிறவர்கள், மாணவர்கள், யாருக்கும் கூலி இல்லை. பாரதி பாட்டை நான்கு குரலில் பிரித்துக் கொடுத்தார். கோயிலுக்கு வெளியே, கர்த்தர் இல்லாமல், தமிழில் சேர்ந்திசை என்று ஒன்று இருக்க முடியும் என்று காட்டியவர் அவர்.

இது முரண் என்று நான் நினைக்கவில்லை. விற்கிற பாட்டுக்குக் கூலி கொடு என்றார். விற்காத பாட்டை எல்லோரும் சேர்ந்து சுமக்க வேண்டும் என்றார். எங்கள் கமிட்டி செய்தது மூன்றாவது ஒன்று. பாட்டு விற்பனைக்கு இல்லை என்று சொல்லிக்கொண்டே சுமையை ஒரே ஆள் தலையில் வைத்தது. 1988 மார்ச்சில் எம்.பி.எஸ். லட்சத்தீவில் இறந்தார். குழு கலையவில்லை. பாடியவர்களே எடுத்து நடத்தினார்கள், பிறகு அவர் பெயரையே குழுவுக்கு வைத்துக்கொண்டார்கள்.

எங்களுக்கு அப்படி நடக்கவில்லை. மாஸ்டர் ரிட்டயர் ஆகி மதுராந்தகம் பக்கம் மகன் வீட்டுக்குப் போனதும் இரண்டு வருஷம் தள்ளாடினோம். அப்புறம் கீபோர்ட் வந்தது, அதற்குப் பின்னாலேயே பென் டிரைவில் ட்ராக். ட்ராக்குக்கு நான்கு குரல் வேண்டாம், மைக் பிடிக்க ஆறு பேர் போதும். டீக்கடைக் கூட்டமும் நின்றது. குறை எங்கள் மேலும் இருக்கிறது. சால்ஃபா எல்லோரும் தானாகவே படித்துப் பாடுவதற்காக வந்த எழுத்து. நாங்களோ மாஸ்டர் பாடிக் காட்டியதைக் காதால் பிடித்துக்கொண்டு, தாளைச் சும்மா கையில் வைத்திருந்தோம். நாற்பது பேரில் அதை நிஜமாகவே வாசிக்கத் தெரிந்தவர்கள் நான்கு பேர் இருந்தால் அதிகம். அவருக்கும் கோபம் வரும், "படிங்கலே, என் வாயப் பாக்காதீங்க" என்பார். அடுத்த நிமிஷம் பொறுமை இல்லாமல் அவரே பாடிக் காட்டுவார்.

போன வருஷம் மாஸ்டர் காலமானார். அடக்கத்துக்குப் பழைய ஆட்கள் இருபது பேர் வந்தோம், பேஸ் போதவில்லை. அவர் மகன் டிரங்குப் பெட்டியை என்னிடம் கொடுத்து, "உங்களுக்குத்தான் இது புரியும்" என்றார். எனக்குப் பாதிதான் புரியும் என்று சொல்லவில்லை.

இப்போது சனிக்கிழமை சாயங்காலம் நான்கு பேர் என் வீட்டில் உட்காருகிறோம். குரோம்பேட்டையிலிருந்து ஆல்டோ பாடிய அக்காதான் நன்றாக வாசிப்பார், பள்ளிக்கூட டீச்சர். மூன்று நோட்டில் ஒன்றரை நோட்டு முடித்து, டைப் செய்து, கேட்கிறவர்களுக்கெல்லாம் அனுப்பிக்கொண்டிருக்கிறோம். இந்த முறை எந்த நோட்டும் ஒரே பெட்டியில் இருக்கக் கூடாது என்பது அக்காவின் கட்டளை. பென்சிலில் எழுதிய சில இடங்கள் அழிந்துவிட்டன. ஒரு பாட்டின் பேஸ் வரியில் இரண்டு தாளம் எந்த ஸ்வரம் என்று இன்னும் தெரியவில்லை. ஒவ்வொருவரும் ஒன்று பாடிப் பார்க்கிறோம்.

பாட்டுகளுக்கு நடுவே ஓரத்தில் மாஸ்டரின் கடன் கணக்கும் இருக்கிறது. 'பல்லாவரம், டெனர் 2, பேஸ் 1, திருப்பியாச்சு.' 'பெருங்களத்தூர், டெனர் 1, திருப்பியாச்சு.' 1998இல் மட்டும் ஒரு வரி, 'குரோம்பேட்டை, ஆல்டோ 1' என்று நின்றுவிடுகிறது. அந்த ஆல்டோ எங்கள் பேஸ் ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டு இங்கேயே தங்கிவிட்டார். அக்கா கண்ணாடியைத் தூக்கிவிட்டு அந்த வரியைப் படித்தார். "நான் இன்னும் பாக்கியா?" என்று கேட்டுவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.

நேற்று சேலையூரிலிருந்து ஒரு பையன் போன் பண்ணினான். அவர்கள் சபையில் பதினெட்டு பேர் சேர்ந்து நான்கு குரல் ஆரம்பித்திருக்கிறார்களாம். "அண்ணா, ரெண்டு டெனர் கிடைக்குமா?" என்றான். நான் ஒருத்தன் இருக்கிறேன், இன்னொருவரைத் தேட வேண்டும்.