வன்னியின் கோடுகளும் வாவிக்கரையின் வெற்றுத் தாளும்

ஆண்டொன்றுக்கு இருபத்து நான்கு நூல்கள். அவற்றுள் நான்கேனும் இதுவரை தொட்டிராத வகையைச் சேர்ந்தனவாக இருத்தல் வேண்டும். நண்பர்கள் சிலர் சேர்ந்து வகுத்துக்கொண்ட இந்த வாசிப்புச் சவாலில் என் பங்குக்கு வந்தது கிராஃபிக் நாவல். முத்து காமிக்ஸின் இரும்புக்கை மாயாவியோடு சித்திரக்கதைகளுக்கு விடைகொடுத்தவன் நான். ஓர் இரவில் முடித்துவிடலாம் என்றே எண்ணினேன். எட்டு நாள்கள் சென்றன.

நூல் 'வன்னி'. 2019இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. எழுதியவர் பெஞ்சமின் டிக்ஸ். வரைந்தவர் லின்ட்சே பொலக். டிக்ஸ் கிளிநொச்சியில் ஐ.நா. பணியாளராக இருந்தவர். 2008 செப்டெம்பரில், போகவேண்டாமென்று மக்கள் வாயிலில் நின்று மன்றாட, ஐ.நா. வெளியேறியபோது அவரும் வெளியேற நேர்ந்தது. தப்பிப் பிழைத்தோரின் வாக்குமூலங்களைக் கொண்டு இராமச்சந்திரன் என்னும் கற்பனைக் குடும்பமொன்றை அவர் அமைத்தார். 2004 ஆழிப்பேரலையில் வீடிழந்த அக்குடும்பம், முகாம் முகாமாக நகர்ந்து, எறிகணைகளுக்குள் சிக்குகிறது. பிள்ளைகளைப் புலிகள் கட்டாயமாகப் பிடித்துச் சென்றதையும் நூல் மறைக்கவில்லை. அதனாலேயே எனக்கு அதன்மீது நம்பிக்கை பிறந்தது.

இறுதிப் போரில் நாற்பதாயிரம் பொதுமக்கள் வரை மாண்டிருக்கலாம் என்பதை மறுக்கவியலாதென ஐ.நா. நிபுணர் குழு 2011இல் கூறிற்று. அந்த எண்ணை எத்தனையோ முறை செய்தியில் எழுதியிருக்கிறேன். என் உறக்கம் கெட்டதில்லை. பதுங்குகுழிக்குள் அடுத்த எறிகணைக்காகக் காத்திருக்கும் முகங்கள் அதைக் கெடுத்தன. செய்தித்தாளில் குண்டு விழுந்த கணம் இருக்கிறது. காத்திருந்த நேரத்துக்கு அங்கே பத்தி கிடைப்பதில்லை.

நிற்க. மட்டக்களப்பு என்றதும் பாடும் மீனைக் கேட்போர் பலர். அந்த வாவியின் மேற்கே படுவான்கரை, கிழக்கே எழுவான்கரை. படுவான்கரையின் மகிழடித்தீவில் 1987 சனவரியில் இறால் பண்ணை ஊழியர்கள் பலரை விசேட அதிரடிப்படையினர் கொன்றனர். 1991 யூன் 12 அன்று, பாதை என்று நம்மவர் சொல்லும் மிதவை ஓடிய மண்முனைத்துறையில், கண்ணிவெடிக்கு இரு படையினர் பலியாகினர். அதற்குப் பழியாக மகிழடித்தீவிலும் முதலைக்குடாவிலும் மக்கள் கொல்லப்பட்டனர். அரிசி ஆலையில் தஞ்சம் புகுந்தோரும் தப்பவில்லை.

பிரேமதாச அரசு நீதியரசர் பாலகிட்ணர் தலைமையில் ஆணைக்குழு அமைத்தது. பலியான பொதுமக்கள் 67 பேர். இது திட்டமிட்ட பழிவாங்கல் என்றது அறிக்கை. இராணுவ நீதிமன்றமோ அதிகாரி ஒருவரைப் பதவிநீக்கியதோடு நிறுத்தி, ஏனைய 19 பேரையும் விடுவித்தது. அன்றைய நிலையில் ஓர் ஆணைக்குழு அவ்வளவு தெளிவாகப் பேசியதே பெரிது. ஆனால் அந்த ஆலைக்குள் கழிந்த நேரம் எந்த அறிக்கைக்குள்ளும் அடங்காது. அதற்குக் கோடுகள் வேண்டும்.

வரையப்போகிறவருக்கு இன்னொரு சோதனையும் உண்டு. எந்தக் கரையின் குடும்பத்தை வரைவது? 1990 ஆகத்து 3 இரவு, எழுவான்கரையின் காத்தான்குடியில், இரு பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கு மேற்பட்டோரைப் புலிகள் சுட்டுக்கொன்றனர். அந்தப் பக்கத்தை விட்டுவிட்டுப் படுவான்கரையை மட்டும் வரைந்தால், அது பாதி வாவியின் படமாகவே இருக்கும். நம்மில் பலருக்கு இது கசக்கும் என்பதை அறிவேன்.

1991இல் நாற்பது வயதாயிருந்தவர்கள் இப்போது எழுபதைத் தாண்டிவிட்டனர். மண்முனைத்துறைக்குக் குறுக்கே 2014இல் ஜப்பானிய உதவியுடன் பாலமும் வந்துவிட்டது. பாதைக்காகக் காத்து நிற்கவேண்டியதில்லை. கல்லடியில், சுவாமி விபுலாநந்தா அழகியற் கற்கைகள் நிறுவகத்தில், வரையக் கற்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அங்கிருந்து காத்தான்குடி கூப்பிடு தூரம். கொக்கட்டிச்சோலையும் இப்போது தொலைவில்லை.