கடலூர் படையாட்சியார் கட்சியைக் கலைத்த கணக்கு

எஸ்.எஸ். ராமசாமி படையாட்சியார் மந்திரி பதவிக்காகக் கட்சி மாறினார் என்பது பழைய குற்றச்சாட்டு. அதை அப்படியே ஏற்பதற்கில்லை. காங்கிரஸ் வேட்பாளர் பட்டியலில் தங்களுக்கு உரிய இடம் இல்லை என்ற வன்னியர்களின் மனக்குறைதான் அவருடைய தமிழ்நாடு உழைப்பாளர் கட்சியைப் பிறப்பித்தது. 1952 தேர்தலில் தென்னாற்காடு, சேலம் பகுதிகளின் பலத்தில் அது 19 சட்டமன்ற இடங்களைப் பிடித்தது; வடாற்காடு, செங்கல்பட்டைத் தளமாகக் கொண்ட மாணிக்கவேலு நாயக்கரின் காமன்வீல் கட்சி 6 இடங்களில் வென்றது. 375 பேர் கொண்ட சென்னை சட்டமன்றத்தில் காங்கிரசுக்குக் கிடைத்ததோ 152தான். நாயக்கர் ராஜாஜி அமைச்சரவையிலேயே சேர்ந்துவிட்டார். 1954 ஏப்ரலில் காமராசர் முதல்வரானபோது, எட்டே பேர் கொண்ட அமைச்சரவையில் இந்த இருவருமே இருந்தனர். படையாட்சியாருக்குக் கிடைத்தது உள்ளாட்சித் துறை. ஊர்ப்புறத்துச் செல்வாக்கு நகராட்சியிலும் ஜில்லா போர்டிலும்தான் தீர்மானமாகும் என்று அறிந்த ஒரு சமூகத்துக்கு அது சாதாரண இலாகா அல்ல.

காங்கிரசை எதிர்த்து வாங்கிய ஓட்டைக் காங்கிரசிடமே கொடுப்பது துரோகம் இல்லையா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. அந்தத் தேர்தலில் போட்டியிடாத தி.மு.க.வும் இவ்விரு கட்சிகளையும் ஆதரித்திருந்தது; அதன் கோபத்தில் பொருள் உண்டு. ஆனால் உழைப்பாளர் கட்சிக்கு விழுந்த ஓட்டு காங்கிரஸ் கொள்கை மீதான வெறுப்பு ஓட்டு அல்ல, அதிகாரத்தில் பங்கு கேட்ட ஓட்டு. அந்தப் பங்கை வாங்கித் தந்தவரை அந்த அளவில் குறைசொல்ல முடியாது.

நான் குறைசொல்வது அடுத்து நடந்ததை. ஆதரவுக்கு விலையாக மந்திரி பதவி போதும் என்று நினைத்து, கட்சியையே கலைத்துக் காங்கிரசில் கரைத்தார்கள். கூட்டணியாக நீடித்திருந்தால் அந்த 19 இடங்களின் பேரவலிமை அடுத்த தேர்தலுக்கும் மிஞ்சியிருக்கும். கரைந்த பிறகு மிஞ்சியது ஒரு தலைவருக்கான இடம் மட்டுமே. அன்று ஆட்சி நிலைக்க இணைப்பு தேவைப்பட்டது என்பார்கள். வெளியிலிருந்து கொடுக்கும் ஆதரவாலும் ஆட்சி நிலைக்கும். இட ஒதுக்கீட்டுக் கோரிக்கையைப் பேச 1980இல் மருத்துவர் ராமதாஸ் வன்னியர் சங்கத்தைப் புதிதாகக் கட்ட வேண்டியதாயிற்று. 1987 செப்டம்பர் சாலை மறியலில் 21 உயிர்கள் போயின. 20 விழுக்காடு ஒதுக்கீடு மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலின் வழியே வந்து சேர்ந்தபோது ஆண்டு 1989. அந்தப் போராட்ட ஆண்டுகள் முழுவதும் திண்டிவனம் தொகுதியின் காங்கிரஸ் எம்.பி.யாக மக்களவையில் இருந்தவர் படையாட்சியார்தான்.