உட்கருவில் நேர்ந்த பிழை

2024ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 19ஆம் நாள், வெள்ளிக்கிழமை. கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையத்தின் இரண்டாம் முனையத்தில் ஏர் ஏசியா பயணியரைக் கையாலேயே பதிவு செய்ய வேண்டியதாயிற்று. நம் கேடிஎம் இரயில் பயணச்சீட்டு விற்பனையும் தடைப்பட்டது. பிரிட்டனில் மருத்துவர் பலர் நோயாளர் குறிப்புகளைக் காண இயலாது இடர்ப்பட்டனர். மைக்ரோசாப்டின் மதிப்பீட்டின்படி, உலகெங்கும் 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் நிலைகுலைந்தன. இதற்குக் காரணம் யாது?

கணினி இயங்குதளத்தின் உள்ளே 'கெர்னல்' எனப்படும் உட்கரு ஒன்றுண்டு. நினைவகம் முதலிய யாவற்றையும் ஆள்வது அதுவே. வேண்டும்போது அதனோடு சேர்க்கத்தக்க துணைக்கூறுகளும் உள. லினக்ஸ் உட்கரு இவ்வசதியை 1995இல் பெற்றது. தமிழாசிரியர்கள் இக்கூறுகளை இடைச்சொல்லோடு ஒப்பிட்டு உணரலாம். இவை தனித்து இயங்கா, சேர்ந்தே தொழிற்படும். சாதாரண நிரல் பிழைபட்டால் அது மட்டுமே நிற்கும். உட்கருவோடு சேர்ந்த கூறு பிழைபட்டாலோ கணினி முழுதும் நின்றுவிடும்.

கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் காவல் மென்பொருளில் இத்தகைய கூறு ஒன்று உண்டு. அன்று மலேசிய நேரப்படி பகல் 12.09க்கு, 291 என்னும் எண்ணுடைய கோப்பு ஒன்று அதற்கு அனுப்பப்பட்டது. 1.27க்கு அது திருத்தப்பட்டது. ஆயினும் அந்த 78 நிமிடங்களே போதுமானவை ஆயின.

நிலைகுலையும் கணினி தன் நினைவகத்தின் படியொன்றை வட்டில் விட்டுச் செல்லும். எந்தக் கட்டளையில் நின்றது, அது எந்தக் கூறுக்கு உரியது, எந்த முகவரியை நாடியது என்பவற்றை ஆய்வோர் அதிலிருந்து அறிவர். இங்கே அக்கூறு தன் எல்லைக்கு அப்பால் படிக்க முயன்றது தெரிந்தது. ஏன் முயன்றது? ஆகஸ்டு 6ஆம் நாள் வெளியான அறிக்கை விடை தந்தது. வரையறை 21 உள்ளீடுகளைக் குறித்தது. நிரல் தந்தவையோ 20. இவ்வழு பிப்ரவரித் திங்களிலேயே புகுந்துவிட்டது. அதுவரை 21ஆம் இடத்தில் 'எதுவாயினும் பொருந்தும்' என்ற குறியே இருந்தமையால், சோதனைகளில் அது வெளிப்படவில்லை. ஜூலையில்தான் முதன்முதலாக அவ்விடத்தின் மதிப்பு தேடப்பட்டது.

விழுந்த இடம் வேறு, வழு பிறந்த இடம் வேறு என்பதே இவ்வரலாறு உணர்த்தும் உண்மை. எண்ணிக்கையைச் சரிபார்க்கும் ஒரு வரி இருந்திருப்பின் இவ்விடர் நேர்ந்திராது. பின்னர் அது சேர்க்கப்பட்டது. ஆனால் பழுதுற்ற கணினிகளிற் பலவற்றை ஊழியர் ஒவ்வொன்றாகத் திறந்து, அக்கோப்பைக் கையால் நீக்க நேர்ந்தது.

நம் ஜெராம் வட்டாரத் தோட்டப் பிள்ளைகளுள்ளும் நாளை நிரல் எழுதுவோர் தோன்றுவர். விடை கண்டபின் ஒருமுறை எண்ணிப் பார்க்கும் பழக்கத்தை இன்றே அவர்க்கு ஊட்டுவது நம் கடன்.