இடையன் வெட்டும் ஆட்டின் வயிறும்

சென்னைக்கு மேற்கே, அம்பத்தூருக்குப் போகும் வழியில் பாடி என்று ஓர் ஊர் இருக்கிறது. இன்று அங்கே தொழிற்சாலைகளையும் மேம்பாலத்தையும்தான் காண்கிறோம். ஆனால் தமிழ் அகராதியைப் புரட்டிப் பாருங்கள். 'பாடி' என்ற சொல்லின் பொருள்களில் ஒன்று முல்லை நிலத்து ஊர்; அதாவது, ஆடு மாடு மேய்ப்போர் வாழும் இடம். ஆயர்பாடி என்கிறோம் அல்லவா? பாடியைத் தாண்டித் திருவள்ளூர் மாவட்டத்துக் கிராமங்களுக்குப் போனால், 'சென்னைச் சிவப்பு' என்னும் செம்மறியாட்டு மந்தைகளை இன்றும் காணலாம்.

இந்த மந்தைகளுக்குக் கோடைதான் சோதனைக் காலம். புல் காய்ந்து சருகாகிவிடும். வயிறு நிறையத் தின்றும் ஆடு இளைக்கும், தாய்க்குப் பால் வற்றும், குட்டி வாடும். அப்போது மேய்ப்பவர் தொரட்டியை எடுத்து, மரத்திலிருந்து தழையை இறக்கிப் போடுவார். வெள்ளாடு பின்னங்காலில் எழும்பி நின்று தழையைப் பறித்துக்கொள்ளும். குனிந்தே மேயும் செம்மறிக்கோ கிளைதான் இறங்கி வரவேண்டும்.

'இடையன் வெட்டு அறா வெட்டு' என்பது பழமொழி. அரைகுறை வேலையைக் கேலி செய்ய அதைச் சொல்கிறோம். உண்மையில் அது அரைகுறை வேலையா? பாதி வெட்டிய கிளை சாய்ந்து ஆட்டுக்கு எட்டும். அறுபடாத பகுதியின் வழியே நீர் ஓடுவதால் கிளை பிழைக்கவும் வழியுண்டு. அடுத்த கோடைக்கும் தழை மிஞ்சும்.

ஆள்வோர் இதை வேறு கண்ணால் பார்த்தனர். 1876-78ஆம் ஆண்டுகளின் பெரும்பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் மக்கள் லட்சக்கணக்கில் மாண்டனர். தீவனமின்றிக் கால்நடைகளும் ஏராளமாக மடிந்தன. அதன் பின் 1882இல் சென்னை வனச் சட்டம் வந்தது. காப்புக் காடுகளில் அனுமதியின்றி மேய்ப்பதும் கிளை கழிப்பதும் குற்றமாயின. அளவு மீறிக் கழித்தால் மரம் பட்டுப்போகும் என்ற அச்சத்தில் நியாயம் உண்டு. ஆனால் காய்ந்த புல் தின்னும் ஆட்டுக்குத் தழை ஏன் வேண்டும் என்பதை விஞ்ஞானம் அப்போது இன்னும் விளக்கியிருக்கவில்லை.

அந்த விளக்கம் மூன்று துண்டுகளாகக் கிடைத்தது. 1843இல் பாரிஸில் குரூபி, டெலாஃபோன் என்ற இருவர், அசைபோடும் விலங்குகளின் வயிற்று நீரில் நுண்ணுயிர்கள் வாழ்வதைக் கண்டனர். 1883இல் டென்மார்க்கைச் சேர்ந்த கெல்டால், ஒரு பொருளிலுள்ள நைட்ரஜனை அளக்க எளிய முறை வகுத்தார்; தீவனத்திலுள்ள புரதத்தைக் கணக்கிட அது வழி செய்தது. 1940களில் அமெரிக்க விஞ்ஞானி ராபர்ட் ஹங்கேட், அந்த வயிற்றுப் பாக்டீரியாக்களைக் காற்றுப் புகாத குழாய்களில் வளர்த்து, புல்லின் செல்லுலோஸை அவையே சிதைக்கின்றன என்று காட்டினார்.

மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். ஆட்டுக்காகப் புல்லை ஜீரணிப்பவை இந்த நுண்ணுயிர்களே. அவை பெருக நைட்ரஜன் வேண்டும். தீவனத்தில் புரதம் ஏறக்குறைய 7 சதவீதத்துக்குக் கீழே போனால் அவற்றின் வேலை தளரும். புல் வயிற்றிலேயே தேங்கும். ஆடு மேற்கொண்டு தின்னாது. நிறைந்த வயிற்றோடு பட்டினி!

ஒரு சிறு கணக்குப் போடுவோம். காய்ந்த புல்லில் புரதம் 4 சதவீதம், அகத்தி, சூபாபுல் போன்ற நல்ல தழையில் 20 சதவீதம் என்று கொள்வோம். நீர் நீக்கிய எடையில் 3 பங்கு புல்லுடன் 1 பங்கு தழை சேர்த்தால் 12ம் 20ம் 32. அதை 4ஆல் வகுத்தால் 8 சதவீதம். எல்லையைத் தாண்டிவிட்டோம்! கால் பங்கு தழை, முக்கால் பங்கு சருகையும் உணவாக்குகிறது.

அப்படியானால் தழையை மட்டுமே போடலாமா? அதுவும் ஆகாது. பல தழைகளில் துவர்ப்பான டானின் உண்டு. மிகுந்தால் அது புரதத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சூபாபுலில் மைமோசின் என்ற நச்சுப் பொருள் உண்டு. அளவு மீறினால் ஆட்டின் மயிர் உதிரும். ஆஸ்திரேலியாவில் சூபாபுல் தின்ற கால்நடைகள் நோயுற்றபோது, ஹவாய்த் தீவின் ஆடுகள் மட்டும் நலமாயிருப்பதை ரேமண்ட் ஜோன்ஸ் கவனித்தார். 1980களில் ஹவாய் ஆட்டின் வயிற்று நுண்ணுயிர்களை ஆஸ்திரேலியக் கால்நடைகளுக்கு மாற்றினார்கள், நஞ்சு முறிந்தது! அந்தப் பாக்டீரியாவுக்கு 1992இல் அவர் பெயரையொட்டிப் பெயர் சூட்டினர்.

புல்லும் மரமும் அளவோடு சேர்ந்திருப்பதைக் காணக் காங்கயம் பகுதிக்குப் போகவேண்டும். அங்குள்ள கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலத்தில் தரையில் கொழுக்கட்டைப் புல், இடையிடையே வெள்வேல மரம், சுற்றிலும் கிளுவை வேலி. புல் காய்ந்த நாளில் வெள்வேலங்காய் செம்மறிக்கு உணவாகிறது. புத்தகம் படிக்காத குடியானவர்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்த ஏற்பாடு இது.

சென்னையைச் சுற்றிலும் மேய்ச்சல் நிலங்கள் மனைகளாகி வருகின்றன. ஏரிக்கரையில் நிற்கும் ஒரு வாகையை அடியோடு வெட்டிச் சாய்க்கும்போது, நிழல் போயிற்று என்று மட்டும் எண்ணுகிறோம். சில ஆடுகளின் சித்திரை மாதத்து நைட்ரஜனும் அதோடு போய்விடுகிறது. அறுபடாமல் வெட்டத் தெரிந்த இடையனைக் கேலி செய்வதற்கு முன் இதையும் நினைத்துப் பாருங்கள்.